பாம்புக்கடி பற்றிய ஒரே பேச்சை ஊருக்கும் பள்ளிக்கும் செவிலியருக்கும் எப்படி மாற்றுவது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். பாம்புக்கடி பற்றி ஒரு கல்லூரியில் இருபது நிமிடம் பேசினீர்கள், நன்றாகப் போனது. அதைக் கேள்விப்பட்டு இப்போது ஒரு கிராம சபையிலும், ஓர் அரசுப் பள்ளியிலும், ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர்களிடமும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று பேச்சு எழுத நேரமில்லை. இருப்பதையே ஊருக்குக் கொஞ்சம் எளிமையாக்கி, பிள்ளைகளுக்கு இன்னும் எளிமையாக்கி, செவிலியர்களுக்கு நாலு மருத்துவச் சொல் சேர்த்துப் பேசினால் போதுமா என்கிறீர்கள். மேலாகப் பார்த்தால் நடை பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது, அந்தப் பேச்சில் எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்பது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டெங்கு, வயிற்றுப்போக்கு, நாய்க்கடி, பாம்புக்கடி என்று வேலைக்காலம் முழுக்க மைக் பிடித்திருக்கிறேன், மைக் இல்லாத இடத்தில் தொண்டை கிழியக் கத்தியும் இருக்கிறேன். மருத்துவர் இல்லை. கீழே வரும் சிகிச்சை விவரங்கள் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தவை, அரசு வழிகாட்டுதலில் உள்ளவை. செவிலியர் கூட்டத்துக்குப் போகுமுன் உங்கள் பகுதி மருத்துவ அலுவலரிடம் அவற்றை ஒருமுறை காட்டிவிடுங்கள். பேச்சைப் பற்றிச் சொல்வது என் அனுபவம்.

எளிமையாக்கினால் போதாது. கல்லூரிப் பேச்சை எளிமையாக்கினால் கிடைப்பது எளிமையான கல்லூரிப் பேச்சுதான். கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போன பிறகு, ஒரு நாள் ராத்திரி யாரையோ பாம்பு கடிக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருந்த இந்த ஆளின் கையில் எந்த முடிவு இருக்கும்? அதை முதலில் கண்டுபிடியுங்கள். விவசாயியின் கையில் இருக்கும் முடிவு வேறு, ஏழாம் வகுப்புப் பெண்ணின் கையில் இருப்பது வேறு, இரவுப் பணியில் தனியாக இருக்கும் செவிலியரின் கையில் இருப்பது வேறு. அந்த முடிவுக்கு உதவும் தகவலை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை எவ்வளவு சுவையாக இருந்தாலும் தூக்கிவிடுங்கள். சொற்கள் அதற்கப்புறம் தானாக மாறும்.

ஓர் உதாரணம் போதும், விஷயம் விளங்கிவிடும். கடித்த இடத்துக்கு மேலே கயிறோ துணியோ வைத்து இறுக்கிக் கட்டுவது நம் ஊரில் இன்னும் இருக்கிற பழக்கம். அது விஷத்தை முழுதாக நிறுத்துவதில்லை; ரத்த ஓட்டத்தை நிறுத்தி, கையையோ காலையோ அழுக வைக்கக்கூடும். இது உண்மை, எந்தக் கூட்டத்திலும் மாறாது. ஆனால் ஊரில் நீங்கள் சொல்ல வேண்டியது “கட்டாதீர்கள்” என்பது. செவிலியரிடம் போய் “கட்டக் கூடாது” என்றால் அவர்களுக்கு அதில் ஒரு பயனும் இல்லை, அவர்கள் கட்டுவதில்லை. அவர்களிடம் வருகிறவர் ஏற்கெனவே கட்டிக்கொண்டு வருகிறார். பதறிப்போய் அதை உடனே அவிழ்த்தால் தேங்கி நின்ற விஷம் மொத்தமாக உள்ளே போய் ரத்த அழுத்தம் இறங்கலாம், மூச்சு திணறலாம். அதனால் அவர்களுக்கான வாக்கியம்: “கட்டோடு வந்தால் மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் அவிழ்க்காதீர்கள், சிரைவழி ஊசியைப் பொருத்தி எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு அவிழ்த்துவிடுங்கள்.” பள்ளிப் பிள்ளையிடம் இதே உண்மை “யாராவது கட்ட வந்தால் வேண்டாம் என்று சொல், எங்கள் பள்ளியில் சொன்னார்கள் என்று சொல்” என்று ஆகும். ஒரே உண்மையிலிருந்து மூன்று வேலை வருகிறது. இந்தக் கண்ணோடு உங்கள் இருபது நிமிடத்தையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள், பாதி தானாக உதிரும்.

உதிராமல் நிற்க வேண்டியது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கூட்டத்துக்கு ஏற்ப மாற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பலர் கடைசியில் உண்மையையே வளைத்துவிடுகிறார்கள். கடிபட்டவரைப் பதறாமல் படுக்க வைப்பது, கடிபட்ட கையையோ காலையோ முறிந்த எலும்பை அசைக்காமல் வைப்பது போல் வைப்பது, மோதிரம் வளையல் மெட்டி கொலுசு கழற்றுவது, கட்டாமல் கீறாமல் வாய் வைத்து உறிஞ்சாமல் இருப்பது, நடக்கவிடாமல் 108-ஐயோ கிடைத்த வண்டியையோ பிடித்து விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போவது, கடித்த நேரத்தை நினைவில் வைப்பது. இவ்வளவுதான். இது கலெக்டர் அலுவலகத்திலும் களத்துமேட்டிலும் ஒரே வார்த்தையில் இருக்கட்டும். ஊர்க்காரர் ஒரு மாதிரியும் செவிலியர் ஒரு மாதிரியும் கேட்டிருந்தால், ராத்திரி இரண்டு பேரும் மருத்துவமனை வாசலில் சந்திக்கும்போது சண்டைதான் வரும்.

கிராம சபையை எடுத்துக்கொள்வோம். இதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குவார்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கூட்டத்துக்கு யாரும் பாம்பைப் பற்றிக் கேட்க வருவதில்லை. குடிநீர், பட்டா, வீடு, சாலை என்று ஆளுக்கொரு மனுவோடு வருகிறார்கள். உங்களுக்கு இருபது நிமிடம் என்று சொல்லியிருப்பார்கள், ஏழு நிமிடம்தான் கிடைக்கும். ஒலிபெருக்கி கரகரக்கும், குழந்தை அழும், பின்வரிசை பேசிக்கொண்டே இருக்கும். அதனால் முன்னுரையை வெட்டுங்கள். “தலைவர் அவர்களே, அலுவலர் பெருமக்களே” என்று ஐந்து பெயரை அடுக்கி முடிப்பதற்குள் உங்கள் ஏழு ஐந்தாகிவிடும். வணக்கம் சொல்லிவிட்டு நேரே “ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பாம்பு கடித்தால் இந்த ஊரிலிருந்து எந்த வண்டியில், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள்?” என்று கேளுங்கள். பத்துப் பேர் பத்து பதில் சொல்வார்கள். பக்கத்துத் தனியார் கிளினிக் என்பார் ஒருவர், பெரியாஸ்பத்திரி என்பார் இன்னொருவர். அந்தச் சச்சரவுதான் உங்கள் பேச்சு. அதற்கு நடுவில் ஏறி நின்று, எங்கே மருந்து இருக்கிறது, எங்கே செயற்கைச் சுவாசக் கருவி இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. கிராம சபை என்பது தனி மனிதர்கள் முடிவெடுக்கும் இடம் மட்டும் இல்லை, ஊராட்சி முடிவெடுக்கும் இடமும்கூட. எரியாத தெருவிளக்கு, பள்ளிச் சுவரை ஒட்டி மண்டிக் கிடக்கும் புதர், எலி பெருகும் குப்பைமேடு, அவசரத்துக்கு வரத் தயாராக இருக்கும் வண்டிக்காரர்களின் எண்கள் எழுதிய ஒரு பலகை. இவற்றைக் கல்லூரியில் பேசினால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இங்கே பேசினால் தீர்மானத்தில் ஏற்றலாம். ஆகவே மக்களிடம் ஒன்று கேளுங்கள், ஊராட்சியிடம் ஒன்று கேளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஏழெட்டுக் கேட்டால் ஒன்றும் நடக்காது. இது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது, சந்தேகமில்லாமல் சொல்கிறேன்.

கேட்பதிலும் ஒரு கவனம் வேண்டும். கட்டு விரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடிக்கிறது. கடித்தது பல சமயம் தெரியவே தெரியாது. வலி இல்லை, வீக்கம் இல்லை. விடியற்காலை வயிற்று வலி, வாந்தி, கண் இமையைத் தூக்க முடியாமை என்று ஆரம்பித்து மூச்சுத் தசை செயலிழக்கும் வரை போகும். இதற்குக் கல்லூரியில் நீங்கள் சொன்ன வழி “கட்டிலில் படுங்கள்” என்பது, சரிதானே? ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னால், அவர் உங்கள் பேச்சு முழுவதையும் வசதிக்காரர் பேச்சு என்று ஒதுக்கிவிடுவார். கொசுவலையைக் கட்டி அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால் தரையில் படுப்பவருக்கும் பெரிய பாதுகாப்பு; அதைச் சொல்லுங்கள். வயலுக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடச் சொல்வதும் இப்படித்தான். சேற்றில் நாற்று நடுகிறவரிடம் அது எடுபடாது, போட்டால் கால் புதையும். வைக்கோலையும் விறகையும் அள்ளுமுன் கோலால் தட்டுவது, இருட்டில் டார்ச் இல்லாமல் வரப்பில் இறங்காதது, விடியுமுன் ஒதுங்கப் போகிறவர்கள் வெளிச்சத்தோடு போவது, இவை நடக்கக்கூடியவை. செய்ய முடியாத அறிவுரை ஒன்று உள்ளே வந்துவிட்டால் செய்ய முடிந்த நான்கையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும்.

ஊர்ப் பேச்சில் நீங்கள் வெட்ட வேண்டிய பெரிய துண்டு ஒன்று இருக்கிறது, வருத்தமாகத்தான் இருக்கும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கின் படத்தையும் போட்டு, செதில் எப்படி, வளையம் எப்படி, தலை எப்படி என்று விளக்கும் பகுதி உங்களுக்கு மிகப் பிடித்ததாக இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான். கல்லூரியில் அதற்குக் கைதட்டல் விழும். ஊரில் அது ஆபத்து. எந்தப் பாம்பு என்று தெரிந்தால்தான் வைத்தியம் என்று மக்கள் புரிந்துகொண்டு, இருட்டில் கோலோடு பாம்பைத் தேடிப் போவார்கள். இரண்டாவது ஆளும் கடிபடுவார், அரை மணி நேரமும் போகும். இந்தியாவில் கொடுக்கப்படும் விஷமுறிவு மருந்து இந்த நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாரிப்பது. பாம்பு தெரியாவிட்டாலும் அறிகுறியைப் பார்த்து வைத்தியம் தொடங்குவார்கள். அதனால் ஊரில் “பாம்பைத் தேடாதீர்கள், அடிக்காதீர்கள், பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுவராதீர்கள்” என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுங்கள். பாம்புப் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் மனதில் வையுங்கள், படத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் “இதை இங்கே என்னவென்று சொல்வீர்கள்?” என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

பச்சிலை கொடுப்பவர், மந்திரிப்பவர் விவகாரத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் இதை நீங்கள் தொடவில்லை, ஆனால் தொடாமல் இருக்க முடியாது. கூட்டத்தில் அவரே உட்கார்ந்திருப்பார், பெரும்பாலும் முன்வரிசையில், ஊரில் உங்களைவிட அவருக்கு மரியாதை அதிகம். “மூடநம்பிக்கை” என்று ஆரம்பித்தீர்களென்றால் அந்தக் கணமே கூட்டம் அவர் பக்கம் போய்விடும். அவரிடம் போனவர்கள் பலர் பிழைத்ததும் பொய்யில்லை. கடிக்கும் பாம்புகளில் நிறைய விஷமில்லாதவை, விஷப் பாம்பு கடித்தாலும் சில சமயம் விஷத்தை இறக்குவதில்லை. அவர்கள் எப்படியும் பிழைத்திருப்பார்கள். இதைக் கல்லூரியில் விளக்கலாம், பயனுள்ள விளக்கம். ஊரில் நான் வேறு மாதிரி செய்வது வழக்கம்: கூட்டத்துக்கு முன்பே அவரைப் போய்ப் பார்த்து, “ஐயா, உங்களிடம்தான் முதலில் வருகிறார்கள். வந்தவரை உட்கார வைக்காமல் உடனே வண்டியில் ஏற்றிவிடச் சொல்லுங்கள், நீங்கள் மந்திரிக்க வேண்டுமென்றால் வண்டியிலேயே மந்திரியுங்கள்” என்பேன். சிலர் ஒத்துக்கொண்டார்கள், சிலர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். இதில் சமரசம் இருக்கிறது என்று என்னோடு வேலை பார்த்தவர்களே குறை சொல்வதுண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. உயிருக்குக் கெடு வைப்பது மந்திரம் இல்லை, அதற்காக வீணாகும் நேரம். நான் குறைக்கப் பார்ப்பது அந்த நேரத்தை.

இருளர் குடியிருப்பில் பேச நேர்ந்தால் இன்னும் அடக்கம் வேண்டும். விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருளான பாம்பு விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு 1978-லிருந்து பெரிய பங்கு உண்டு. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களிடம் போய்ப் பாம்பின் பழக்கவழக்கம் பற்றி வகுப்பெடுப்பது அபத்தம். பாம்பைப் பற்றி அவர்களைப் பேச விடுங்கள், மருத்துவமனையைப் பற்றி மட்டும் நீங்கள் பேசுங்கள்.

பள்ளிக்கு வருவோம். பிள்ளைகளுக்குப் பேச்சைச் சுருக்குவதைவிட ஆளை மாற்றுவதுதான் முக்கியம். ஊரில் கேட்பவர் கடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்; பள்ளியில் கேட்பது கடிபடக்கூடிய பிள்ளை. அந்தப் பிள்ளையின் கையில் இருக்கும் ஒரே பெரிய முடிவு, வீட்டில் சொல்வதா மறைப்பதா என்பது. போகக் கூடாத இடத்துக்கு விளையாடப் போய், பொந்தில் கையை விட்டு, ஏதோ சுருக்கென்று குத்தியது, அம்மா அடிப்பாள் என்று முள் குத்தியதாகச் சொல்லிவிடும் பிள்ளைகள் உண்டு. ஆகவே பள்ளியில் என் பேச்சின் நடுவே நிற்கும் வாக்கியம், “என்ன கடித்தது என்று தெரியாவிட்டாலும் அந்த நிமிடமே பெரியவர்களிடம் சொல்லிவிடு, யாரும் திட்ட மாட்டார்கள்” என்பது. திட்ட மாட்டார்கள் என்பதை நாம் வாக்குக் கொடுக்க முடியாதல்லவா? அதனால் ஆசிரியர்களையும் அங்கேயே நிற்க வைத்து, பிள்ளைகள் முன்னாலேயே அவர்கள் வாயால் சொல்ல வைப்பேன்.

பாம்பு பால் குடிக்குமா, பழி வாங்குமா, நாகமணி இருக்கிறதா என்ற கேள்விகள் நிச்சயம் வரும். இவற்றுக்குப் பதில் சொல்வது ஜாலியாக இருக்கும், அரை மணி நேரம் ஓடிவிடும், கடைசியில் பிள்ளைகள் நாகமணியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, அவ்வளவுதான். படம் காட்டும் ஆசையைப் பள்ளியில் கொஞ்சம் தீர்த்துக்கொள்ளலாம், ஆனால் அடையாளம் கண்டுபிடிக்கும் போட்டி வைக்காதீர்கள். நான் படத்தைவிடச் சத்தத்தை நம்புவேன். கண்ணாடி விரியன் தொந்தரவு செய்தால் குக்கர் ஆவி விடுகிற மாதிரி நீளமாகச் சீறும் என்று செய்து காட்டினால், “அந்தச் சத்தம் கேட்டால் அப்படியே நின்று மெதுவாகப் பின்னால் வா” என்பது பிள்ளைகள் மனதில் நிற்கும். கடைசியில் ஒரு பிள்ளையைக் கடிபட்டதாகப் படுக்க வைத்து, இன்னும் நாலு பேரை வைத்து நடித்துக் காட்டுங்கள். கையைக் காலை அசைக்காமல் ஸ்கேலும் துண்டும் வைத்துத் தாங்குவது, ஒருவர் ஆசிரியரிடம் ஓடுவது, ஒருவர் நேரம் பார்ப்பது. பேச்சு பத்து நிமிடம், நடிப்பு பத்து நிமிடம் என்றால் சரியாக இருக்கும்.

செவிலியர் கூட்டத்தில் பயப்படாதீர்கள், அது மூன்றிலும் சுலபமானது. அவர்களுக்கு விஷயம் தெரியும், எங்கே தடுமாற்றம் வருகிறது என்பதை மட்டும் தொட்டால் போதும். அறிவிப்பதைவிடக் கேட்டுத் தொடங்குவது நல்லது: “கடைசியாக வந்த பாம்புக்கடி நோயாளியிடம் எந்த இடத்தில் சந்தேகம் வந்தது?” பெரும்பாலும் இருபது நிமிட ரத்த உறைவுப் பரிசோதனைதான் வரும். 2 மில்லி ரத்தத்தை உலர்ந்த புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் தொடாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது; உறையாவிட்டால் விஷம் ரத்தத்தைத் தாக்கியிருக்கிறது என்று பொருள். சோப்பு போட்டுக் கழுவிய குழாயோ பிளாஸ்டிக் குழாயோ தவறான முடிவைத் தரும். ரத்தம் உறைந்துவிட்டது என்பதால் நரம்பைத் தாக்கும் விஷம் இல்லை என்று ஆகாது, இமையையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விஷமுறிவு மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை வரலாம், அதை அடக்கும் அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குழந்தைக்கும் பெரியவருக்கும் விஷமுறிவு மருந்தின் அளவு ஒன்றுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. இந்தக் கடைசி வரி கூட்டத்தில் எப்போதும் ஒரு சலசலப்பை உண்டாக்கும், அதற்குப் பின் அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியிருக்கிறது; பதிவு செய்து மேலே அனுப்புவதும் அவர்கள் வேலை என்பதால் அதையும் சேருங்கள். பாம்புகளின் உயிரியலை விட்டுவிடலாம். நீங்கள் மருத்துவர் இல்லையென்றால், மருந்தளவு பற்றிய கேள்விகளைப் பக்கத்தில் இருக்கும் மருத்துவ அலுவலரிடம் திருப்பிவிடுங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை.

புள்ளிவிவரத்தைப் பற்றிக் கொஞ்சம். உங்கள் கல்லூரிப் பேச்சு அநேகமாக “இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் சாகிறார்கள்” என்று தொடங்கியிருக்கும். 2000 முதல் 2019 வரையிலான கணக்கில் வந்த மதிப்பீடு அது, நல்ல எண். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்ததும், 2030-க்குள் சாவைப் பாதியாக்கும் குறிக்கோளும் அதிகாரிகள் கூட்டத்துக்குப் பொருத்தம். அவர்கள் கையெழுத்துப் போடும் கோப்புக்கு அந்த எண்தான் காரணம் சொல்லும். கிராம சபையில் 58,000 என்றால் காதில் விழுந்து அப்படியே கீழே போய்விடும். அங்கே வேண்டியது அந்த ஒன்றியத்தில் போன வருஷம் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால், பெயர் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் தருவார்கள். பிழைத்தவர்கள் எண்ணிக்கையை முதலில் சொல்லுங்கள். போனால் பிழைக்கலாம் என்று தெரிந்தால்தான் ஆள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவார்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகமில்லை. இனிச் சொல்வது அப்படியில்லை. பயமுறுத்தலாமா என்பதில் துறையிலேயே இரண்டு கட்சி உண்டு. அழுகிய காலின் படத்தைப் போட்டால்தான் கயிறு கட்டுவதை விடுவார்கள் என்பது ஒரு கட்சி. நான் பார்த்த வரை பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், பையன்கள் சிரிக்கிறார்கள், அடுத்த பத்து நிமிடம் யாரும் பேச்சைக் கவனிப்பதில்லை. அதனால் நான் அந்தப் படங்களைப் போடுவதில்லை. ஆனால் போட்டுப் பேசி நல்ல பலன் கண்டதாகச் சொல்பவர்களைப் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நகைச்சுவையும் அப்படித்தான். ஒருவருக்கு வருகிறது, ஒருவருக்கு வருவதில்லை. வராதவர் முயற்சி செய்தால் சாவுச் செய்தி நடுவே அது அசிங்கமாக இருக்கும். ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லி ஆரம்பிப்பது பலமான உத்தி என்பார்கள். இருக்கலாம். ஆனால் அதே ஊரில் சமீபத்தில் ஒரு சாவு விழுந்திருந்தால், அந்த வீட்டார் எதிரே உட்கார்ந்திருந்தால், உங்கள் கதை “நீங்கள்தான் நேரத்தை வீணாக்கிக் கொன்றீர்கள்” என்று அவர்கள் காதில் விழும். இதை முன்கூட்டியே விசாரிக்காமல் எந்த ஊரிலும் கதை சொல்லாதீர்கள்.

எல்லாத் தரப்பும் கலந்து உட்கார்ந்திருக்கும் கூட்டம் ஒன்றும் உங்களுக்கு வாய்க்கும். கிராம சபைக்கே செவிலியரும் வருவார், பிள்ளைகளும் வருவார்கள். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று பேசினால் யாருக்கும் ஒட்டாது. கடித்த இடத்தில் முதலில் நிற்கப்போகிறவர் யாரோ அவருக்குப் பேசுங்கள், மற்றவர்கள் ஒட்டுக்கேட்டுக்கொள்ளட்டும். இது என் தீர்ப்பு மட்டும்தான். யாருடைய பதவி பெரிதோ அவருக்குப் பேச வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு, அந்தப் பேச்சுகள் படமெடுக்க நன்றாக இருக்கும்.

பலன் தெரிந்துகொள்ளக் கைதட்டலை நம்பாதீர்கள். முடிக்குமுன் கூட்டத்தில் ஒருவரை எழுப்பி, “உங்கள் மாமனாரை இப்போது பாம்பு கடித்துவிட்டது, என்ன செய்வீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அவர் விட்ட இடம் நீங்கள் சரியாகச் சொல்லாத இடம். அடுத்த கூட்டத்தில் அதைச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் கூட்டத்தில் சரியாகச் சொன்னவர் அந்த ராத்திரியில் சரியாகச் செய்வாரா என்பதற்கு இந்த முறையில் உத்தரவாதம் கிடையாது. இன்னொரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். நான் பேசியதெல்லாம் ஆட்கள் எதிரே உட்கார்ந்திருந்த இடங்களில். யூடியூபுக்கோ ரீல்ஸுக்கோ பேசுவதற்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அங்கே கேட்பவர் யார் என்றே தெரியாது, நான் சொன்ன முறைக்கு அடிப்படையே கேட்பவர் யார் என்று தெரிவதுதான்.

நேரமில்லை என்றீர்கள், அதனால் வேலை வரிசை. மாறாத பகுதியை ஒரு அட்டையில் எழுதுங்கள், அது மூன்று இடத்துக்கும் போகும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர்கள் செய்ய வேண்டிய ஒரு வேலையை ஒரு வாக்கியமாக எழுதி, அதைப் பேச்சின் கடைசியில் வையுங்கள். அந்த வாக்கியத்திலிருந்து பின்னோக்கித் தயாரியுங்கள். முதலில் செவிலியர் கூட்டத்துக்குப் போக முடிந்தால் போய்விடுங்கள், ஊரில் உண்மையில் என்ன செய்துவிட்டு வருகிறார்கள் என்பதை அவர்கள் சொல்வார்கள், அது கிராம சபைக்கு உதவும். அழைத்தவர்களிடம் எத்தனை பேர், எவ்வளவு நேரம், உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் யார் பேசுகிறார்கள், சமீபத்தில் ஊரில் என்ன நடந்தது என்று கேட்டுவிடுங்கள். கிராம சபைக்கு முந்தைய நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் போட்டு, விஷமுறிவு மருந்து அங்கேயே இருக்கிறதா, ராத்திரியில் மருத்துவர் இருப்பாரா, இல்லையென்றால் அடுத்து எங்கே அனுப்புவார்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மைக்கைக் கீழே வைப்பதற்குள் கூட்டத்திலிருந்து உங்களிடம் வரப்போகும் முதல் கேள்வி அதுதான்.